மூக்கையூர் மண்ணும் மூக்கு லேசான வண்டியும்

சாயல்குடியிலிருந்து மூக்கையூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், தார் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் எது பாதை, எது கடற்கரை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். என் மாமனார் வீடு அப்படி ஒரு கிராவல் பாதையின் முடிவில் இருக்கிறது. ஓர் ஆடி மாதம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்த நாளில், இன்ஜின் பின்னால் இருக்கிற டாடா நானோவில் நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். பாதை இடப்பக்கம் வளைகிற இடத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் பாய் விரித்தது போலக் கிடந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி கேட்கவில்லை, நேராகவே போனது. இன்னும் திருப்பினேன். பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அடுத்த நொடி முன்பக்கம் வெடுக்கென்று மண்ணைப் பிடித்தது. பின்பக்கம் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. கண்ணைத் திறந்தபோது, வந்த வழியைப் பார்த்தபடி சீமைக்கருவேலப் புதருக்குள் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு டயரில் முள்.

மறுநாள் ராமநாதபுரத்தில் வழக்கமாக வண்டியை சர்வீசுக்கு விடும் மெக்கானிக் பாயிடம் கதையைச் சொன்னேன். பாதிக் கதையிலேயே நிறுத்திவிட்டார்.

“காலை எடுத்தீங்களா தம்பி?”

“ஆமா பாய்.”

“அதான்.”

அந்த “அதான்” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருப்பது என்ன என்று பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்துகொண்டேன். தப்பு வண்டியுடையது அல்ல, என் காலுடையது. ஆனால் முன்னால் இன்ஜின் உள்ள வண்டியாக இருந்தால் அதே தப்பு இந்த அளவுக்குப் போயிருக்காது என்பதும் உண்மை.

இன்ஜின் பின்னால் இருக்கிற வண்டி நம் ஊருக்குப் புதிது அல்ல. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஆட்டோக்களில் பெரும்பாலானவை அந்தச் சாதிதான். காரில் பார்த்தால் 2009-இல் விற்பனைக்கு வந்து 2018-உடன் உற்பத்தி அடங்கிப்போன நானோ. 624 சிசி, இரண்டு சிலிண்டர், இழுப்பது பின்சக்கரம். வண்டியின் எடை 600 கிலோவை ஒட்டித்தான். அதில் பாதிக்கு மேல் பின் ஆக்சிலின் தலையில். தயாரித்தவர்களுக்கும் இது தெரியும் என்பதற்கு டயரே சாட்சி: முன்னால் 135/70 ஆர்12, பின்னால் 155/65 ஆர்12. நான்கையும் ஒரே அளவில் போட்டால் ஸ்டெப்னிக்கு வசதிதானே, ஏன் இப்படிச் செய்தார்கள் என்று நானே ஒரு காலத்தில் அலுத்துக்கொண்டதுண்டு. கனமான பின்பக்கம் வளைவில் வெளியே ஓடாமல் இருக்க அங்கே அகலமான டயர் வேண்டும், அதற்காகத்தான்.

தார் ரோட்டில் டயரின் ரப்பர் ரோட்டைக் கவ்வுகிறது. மண்ணில் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை; டயர் தோண்ட வேண்டும். மேலே உதிரியாகக் கிடக்கும் சரளையை ஒதுக்கிவிட்டு, அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட வேண்டும். அல்லது பக்கவாட்டில் மண்ணைக் குவித்து, அந்தக் குவியலில் முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் மேலிருந்து அழுத்தும் பாரம் தேவை. முன்பக்கம் லேசான வண்டியில் அந்தப் பாரம் இல்லாததால், சக்கரம் திரும்பியிருந்தும் சரளையின் மேல் கோலிக்குண்டில் கால் வைத்தது போல வழுக்கிப் போகிறது. இது முதல் கட்டம்.

இரண்டாம் கட்டத்தை ஓட்டுகிறவர்தான் வரவழைக்கிறார். வண்டி திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கிறோம். கூடவே காலை எடுக்கிறோம். கால் எடுத்ததும் பாரம் முன்னால் சாய்கிறது. இவ்வளவு நேரம் பட்டினி கிடந்த முன்சக்கரத்துக்குத் திடீரென்று சாப்பாடு கிடைத்த மாதிரி, ஒடித்து வைத்திருக்கும் கோணத்திலேயே மண்ணைக் கடிக்கிறது. அதே நொடியில் பின்பக்கம் லேசாகிறது. இன்ஜின் பிரேக் வேறு பின்சக்கரத்தை மட்டுமே பிடித்து இழுக்கிறது. பின்னால் உள்ள கனமோ தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகப் பார்க்கிறது. கயிற்றில் கட்டிய கல் போல அது வெளிப்பக்கமாக வீசப்பட்டு முன்னால் வருகிறது. ஒரே வளைவில் ஒரே வண்டி முதலில் திரும்ப மறுத்து, அப்புறம் தேவைக்கு மேல் திரும்புகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்த இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு “பின்னால ஆட்டுது” என்கிறார்கள். நோய் முன்னால், வலி பின்னால்.

என் மாமனார் இதை வேறு மாதிரி சொன்னார். அவருக்குக் காரைப் பற்றி அக்கறை கிடையாது, வள்ளத்தைப் பற்றித் தெரியும். “அமரம் கனத்தா அணியம் காத்துக்கு ஆடும் மாப்பிள்ளை. ஐஸ் பெட்டிய முன்னால தள்ளணும்.” அமரம் என்பது படகின் பின்பக்கம், அணியம் முன்மூக்கு. இன்ஜின் அமரத்தில் இருக்கிறது. வலையும் ஐஸும் சேர்ந்து அங்கேயே போய் உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். அப்புறம் சுக்கானைத் திருப்பினால் படகு யோசித்து யோசித்துத்தான் திரும்பும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசியை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பின்பாரத்தைக் குறையாக மட்டும் பார்ப்பதும் சரியல்ல. பின்சக்கரத்தின் மேல் இன்ஜின் உட்கார்ந்திருப்பதால் இழுவை தாராளமாகக் கிடைக்கிறது. மழை நின்ற மறுநாள் கண்மாய்க்கரை ஏற்றத்தில் முன்சக்கர இழுவைக் கார்கள் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்க, நானோ சத்தம் போட்டபடியே ஏறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பிரேக் பிடிக்கும்போதும் ஒரு லாபம்: பாரம் முன்னால் நகர்ந்து நான்கு சக்கரத்துக்கும் ஏறக்குறையச் சமமாகிறது. உலக ராலிப் பந்தயங்களின் கணக்கும் இதையே சொல்கிறது. பனியும் பாறையுமான மான்டி கார்லோ ராலியை 1968, 1969, 1970 என்று வரிசையாக மூன்று முறை வென்றது போர்ஷே 911. உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கிய 1973-இல் பட்டத்தைக் கொண்டுபோனது ஆல்பைன் ஏ110. புழுதிக்கும் சேற்றுக்கும் பேர்போன கென்யாவின் சஃபாரி ராலியில் 1978-இல் இரண்டாவதாக வந்ததும் ஒரு 911. எல்லாமே பின்னால் இன்ஜின் வைத்தவை.

ஆனால் அந்த 911-ஐத் திருத்த என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஆரம்ப வண்டிகளில் பின்பக்கம் ஓடுகிறது என்ற புகார் வந்தபோது, முன் பம்பருக்குள் ஆளுக்கு 11 கிலோ வீதம் இரண்டு வார்ப்பிரும்புக் கட்டிகளை வைத்தார்கள். ஜெர்மன் பொறியியலின் உச்சியில் இருந்தவர்கள் செய்தது, மாமனார் ஐஸ் பெட்டியைத் தள்ளிய அதே வேலை! பிறகு 1969 மாடலில் பின் ஆக்சிலையே 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளினார்கள், ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய பேட்டரிகளை முன்மூலைகளில் உட்கார வைத்தார்கள்.

நம்மால் ஆக்சிலை நகர்த்த முடியாது. அப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடம் கொடுக்காது. சாமான்களை நகர்த்தலாம்.

நானோவின் சக்கர இடைவெளி 2,230 மி.மீ. பின் ஆக்சிலுக்கு 300 மி.மீ. பின்னால் 20 கிலோ அரிசி மூட்டையை வைத்தால், ஏற்ற இறக்கப் பலகை போல அது பின்னால் 22.7 கிலோவாக இறங்கும், முன்னால் 2.7 கிலோவைத் தூக்கிவிடும். அதே மூட்டையை முன் ஆக்சிலுக்கு 300 மி.மீ. முன்னால் வைத்தால் கணக்கு அப்படியே புரள்கிறது. இரண்டுக்கும் இடையே முன்சக்கரங்களின் மேல் ஏற்படும் வித்தியாசம் 25 கிலோவுக்கு மேல். 600 கிலோ வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. நானோவில் ஸ்டெப்னி முன் பானெட்டுக்குள் இருப்பதற்குப் பலன் உண்டு. பஞ்சர் ஆன ஸ்டெப்னியைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பானெட்டுக்குள் இடம் குறைவு, அங்கே கனமான எதையும் திணிக்க முடியாது. ஆகவே நான் தனியாகப் போகும்போது இடது முன்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நகராமல் கட்டி வைக்கிறேன். இந்தக் கடற்கரை ஊர்களில் நல்ல தண்ணீர் கேனை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, போன இடத்தில் இறக்கிவிடலாம். திரும்பும்போது மாமியார் தரும் கருவாட்டுப் பையும் அதே இடத்தில்தான். வாசனையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி காற்று. என்னைக் கேட்டால் செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். அதிகமாகக் கெடுத்து வைப்பதும் இதைத்தான். பஞ்சர் கடையில் கேட்கும் முதல் கேள்வியே “நாலுக்கும் முப்பதா அண்ணே?” என்பதுதானே. பின்னால் இன்ஜின் உள்ள வண்டிக்கு நாலுக்கும் ஒரே காற்று என்பது ஆகாது. 1960-களில் அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் என்ற பின் இன்ஜின் கார் இதனாலும் பெயரைக் கெடுத்துக்கொண்டது. முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு என்று தயாரித்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். இவ்வளவு வித்தியாசத்தை யார் நம்புவார்கள்? பெட்ரோல் பங்கில் நான்கையும் சமமாக அடித்துவிடுவார்கள். அந்த வண்டியின் பின் ஆக்சில் ஊஞ்சல் போல ஆடும் வகை. வேகமான வளைவில் பின்சக்கரம் உள்ளே மடங்கும் ஆபத்து ஏற்கெனவே இருந்தது. 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் அதைக் கிழித்து எழுதியபின் விவகாரம் பெரிதானது. 1972-இல் அமெரிக்க அரசே சோதித்துப் பார்த்து, அக்காலத்தின் மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதற்குள் கார் கடையைக் கட்டி மூன்று வருடமாகியிருந்தது.

முன்னால் காற்று குறைவு என்பது தாரில் ஒரு விதமாகவும் மண்ணில் வேறு விதமாகவும் வேலை செய்கிறது. தாரில் முன் டயர் கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதால் ஸ்டீயரிங் மந்தமாகிறது. பின்பக்கம் முந்தாமல் இருக்கிறது. மண்ணில் அதே குறைந்த காற்று டயரின் பாதத்தை நீட்டுகிறது. ஒரு முன்சக்கரத்தின் மேல் 130 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர செ.மீ.க்கு 1.8 கிலோ, அதாவது சுமார் 26 பவுண்டு காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு 72 சதுர செ.மீ. 1.3 கிலோவுக்கு, அதாவது 18 பவுண்டு சொச்சத்துக்கு இறக்கினால் 100 சதுர செ.மீ. டயர் அகலமாவதில்லை, நீளமாகத்தான் பதிகிறது. மணலில் அதுதான் வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்ட அளவை அடிப்படையாக வைத்து, கிராவலில் போகும்போது முன் டயரில் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறேன். பின்னால் அதில் பாதிதான் குறைப்பேன். ஆழமான மணல் என்றால் இன்னும் இறக்கலாம், ஆனால் அப்போது ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. 135/70 டயரின் பக்கச்சுவர் உயரம் 94 மி.மீ.தான். ஒரு கல்லில் அடித்தால் ரிம் நசுங்கும், சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றும் போகும்.

மண் ரோடு என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். ராமநாதபுரம் கரையில் அது ஒரே மண் அல்ல. கெட்டித் தரையின் மேல் உதிரிச் சரளை கிடக்கும் பாதைகளில் ஒல்லியான முன் டயர் வரப்பிரசாதம். கத்தி மாதிரி சரளையை வெட்டி அடியைத் தொடும். அங்கே அகல டயர் போட்டு அழகு பார்ப்பது வீண். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கடலோரக் குடியிருப்புகளுக்குள் போகும் தூய மணலில் அதே ஒல்லி டயர் புதைகிறது. அங்கே காற்றை இறக்குவது ஒன்றே வழி. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் பார்த்தால் மேலே வெள்ளையாகக் காய்ந்த பொருக்கு, அடியில் களி. பொருக்கு உடைந்தால் கனமான பின்பக்கம்தான் முதலில் இறங்கும். இழுவை அதிகம் என்ற பெருமையெல்லாம் அங்கே செல்லாது. டிராக்டர் தடம் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் இறங்கி நடங்கள். இந்த எல்லாவற்றையும்விட மோசமானது தாரின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் படிந்த மணல். தோண்டுவதற்கு ஆழமில்லை, கவ்வுவதற்குத் தார் தென்படவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த ரோட்டில் கச்சான் காலத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். ரோடு போடுவதற்கு முன் அந்தப் பகுதிக்கு ஜீப்பும் வேனும் ஈர மணலில் ஓடின. ஈர மணல் இறுகிக் கிடக்கும், நம்பலாம். தாரின் மேல் காய்ந்த மணலை நம்பக்கூடாது.

தகரக் கூரை போல அலை அலையாகிப் போன பாதைகள் தனி ரகம். அங்கே முன்சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுகிறது. துள்ளும் நேரமெல்லாம் திருப்பும் சக்தி பூஜ்யம். வேகமாகப் போனால் குலுக்கல் குறைகிறது என்பது உண்மைதான், ஏனென்றால் சக்கரம் மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்கிறது. முன்மூக்கு லேசான வண்டியில் அந்த சுகத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

சஸ்பென்ஷனில் செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாதது அதிகம். பள்ளத்தில் அடி தட்டுகிறது என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது, பின் காயில் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ரப்பர் கட்டைகளைச் செருகிவிட்டார்கள். பின்பக்கம் நிமிர்ந்து கம்பீரமாக நின்றது. கிராவலில் இறங்கியதும் கட்டெறும்பு கடித்த ஆடு மாதிரி குதித்தது. மண்ணில் சக்கரம் தரையைத் தொடர்ந்து மேலும் கீழும் போக வேண்டும், அதற்கு ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். பின்னால் இறுக்கினால் பின்பிடிமானம்தான் முதலில் போகும். நானோவின் பின் சஸ்பென்ஷன் சாய்ந்த கை போன்ற அமைப்பு. உயரம் மாறினால் சக்கரம் நிற்கும் சாய்வும் நோக்கும் திசையும் சேர்ந்து மாறும். உயர்த்தி வைப்பது என்றால் அந்தக் கோணங்களைக் கெடுத்து வைப்பது என்று பொருள். இரண்டாம் நாளே கழற்றச் சொன்னேன்.

பாய் செய்தது வேறு. ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையின் ரப்பர் புஷ்கள் உப்புக் காற்றிலும் புழுதியிலும் தேய்ந்து தொளதொளத்திருந்தன. ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறது, விட்டால் மறுபக்கம் பார்க்கிறது. “பின்னாலயும் ஒரு ஸ்டீயரிங் வச்சிருக்கீங்க தம்பி” என்றார். புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் மாற்றியபின், தார் ரோட்டிலேயே வேறு வண்டி போல இருந்தது. முன் ஷாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். லேசான பக்கம்தானே என்று அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டுவது பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, மூன்றே இடங்கள்தான் முக்கியம். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே பிரேக்கின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். திருப்பத் தொடங்கும் நேரத்தில் பிரேக்கை முழுக்க விடாமல் பாதம் லேசாகப் பட்டிருந்தால், முன்சக்கரத்தின் மேல் பாரம் தங்கி வண்டி திரும்பத் தொடங்கும். மூக்கு உள்ளே வந்ததும் ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து, வளைவு முடியும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். அதனால் பாரம் பின்னால் போய்ப் பின்சக்கரம் மண்ணில் ஆணி அடித்தது போல நிற்கும். வேகம் கூடிவிட்டது என்று நடுவில் தோன்றினால் காலை வெடுக்கென்று எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஸ்டீயரிங்கையும் கொஞ்சம் விடுங்கள். முன்சக்கரம் வழுக்கும்போது இன்னும் ஒடிப்பது மண்ணைத் தள்ளிக் குவிப்பதற்கு மட்டுமே உதவும். ஏற்றத்தில் இதையெல்லாம் செய்ய முடியாது. கண்மாய்க்கரையில் ஏறும்போது இருக்கிற முன்பாரமும் பின்னால் சரிந்துவிடுவதால், எந்தத் திசையில் ஏற வேண்டுமோ அதை அடியிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

திரும்பும்போது தாரைத் தொட்டதும் காற்றை நிரப்ப மறக்காதீர்கள். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன பம்ப் ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன், 12 அங்குல டயருக்கு நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். முன்னால் இறக்கிய காற்றோடு பாம்பன் பாலத்தில் ஒருமுறை ஏறிவிட்டேன். 1988-இல் திறந்த, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தச் சாலைப் பாலத்தில் கச்சான் பக்கவாட்டில் மோதும். பாரமெல்லாம் பின்னால் இருக்கும் வண்டிக்குக் காற்று தள்ளுவது மூக்கைத்தான். தொளதொளத்த முன் டயரோடு ஸ்டீயரிங்கைத் திருத்தித் திருத்தி அக்கரை சேர்ந்தபோது, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த ஆட்டோக்காரர் முந்திப் போகும்போது எட்டிப் பார்த்துக் கேட்டார்: “அண்ணே, புதுசா பழகுறீங்களா?”